மரம் ஏறும் கயிறும் கொக்கியும்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குதல்

தேயிலை மலையில் சவுக்கு, அல்பீசியா, கற்பூர மரங்களின் கிளை கழிப்பவர்களுக்கும், லயத்துக் கூரைப் பக்கம் சாய்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்குபவர்களுக்கும் இது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், சாமானையே மாற்ற வேண்டிய காரணம் கடைசியில் வரும். எந்த அறிகுறியானாலும் சோதனையைத் தரையில் செய்யுங்கள். கயிற்றைத் தாழ்வான கிளையில் போட்டு, கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்தில் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். அங்கே சந்தேகம் தந்த சாமான் மேலே போய்ச் சரியாகிவிடாது.

இங்கே கயிறு என்பது மரம் ஏறவென்றே செய்த, 11 முதல் 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலியெஸ்டர் அல்லது நைலோன் கயிறு. தரக்குறியும் உற்பத்தி ஆண்டும் அதன் நுனியிலோ கூட வரும் தாளிலோ இருக்கும். ஈ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரத்தின் ஏ வகைக் கயிறு அறுவதற்குக் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2.2 தொன் பாரம் வேண்டும். நகரத்து ஹார்ட்வெயார் கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் நீலக் கயிறு பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன். அது வெயிலில் பொடிந்துபோகும், 165 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். விறகு கட்ட அது போதும். அதில் ஆள் தொங்கக் கூடாது. லொறிக் கயிறும் தும்புக் கயிறும் அப்படித்தான். கீழே வரும் எதுவும் அந்தக் கயிறுகளுக்குப் பொருந்தாது.

பிடிமுடிச்சு வழுக்குகிறது

அடிக்கடி வரும் தொல்லை இதுதான். பெரும்பாலும் மலிவாகவே தீர்ந்துவிடும். பிடிமுடிச்சு என்பது ஏறு கயிற்றின் மேல் சிறு நூலால் போடும் முடிச்சு, பாரம் வந்தால் பிடிக்கும், தளர்த்தினால் நகரும். புருசிக், பிளேக்ஸ் இரண்டும் அதன் ரகங்கள்.

*முடிச்சு சரியா?* புருசிக் என்றால் கண்ணி மூன்று முறை சுற்றியிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு வளையம் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது. பிளேக்ஸ் முடிச்சு என்றால் நான்கு சுற்று. வால் நுனி முன்னால் கீழே வந்து, ஏறு கயிற்றின் பின்னால் போய், கீழ் இரண்டு சுற்றுகளுக்குள்ளால் வெளியே வரவேண்டும். பின்னால் போகாமல் நேரே நுழைத்தால் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், பாரம் வந்ததும் ஓடிவிடும். வால் நுனியில் 8 வடிவ முடிச்சு ஒன்று கட்டாயம் போடுங்கள்.

*ஈரமா?* மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கமும், மார்கழி, தை மாதங்களில் பதுளைப் பக்கமும் காலைக் கயிறு காய்ந்திருப்பது அபூர்வம். ஈரத்தில் கயிறும் நூலும் சேர்ந்த ஒரு சோடி வழுக்கும், இன்னொரு சோடி இறுகிப் பிடிக்கும். உங்கள் சோடி எந்த ரகம் என்பதை ஒரு மழை நாளில் தரையிலேயே பார்த்து வையுங்கள். வழுக்கும் ரகமானால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள்.

*ஏறு கயிறு புதிதா?* புதுக் கயிற்றின் மேல் தொழிற்சாலைப் பூச்சு இருக்கும். ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் அலசி, நிழலில் காயவைத்தால் பிடிப்பு வரும்.

*முடிச்சு நூல் பளபளக்கிறதா?* வேகமாக இறங்கியதில் நூலின் மேல் இழை உருகிக் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். விரலால் வளைத்தால் விறைப்பாக, சிறு வெடிப்புச் சத்தத்தோடு வளையும். இதற்கு மருந்து இல்லை, நூலை மாற்றுங்கள். மொத்தச் சாமானிலும் விலை குறைந்தது இந்த நூல், முதலில் தேய்வதும் இதுதான். ஆனாலும் ஒரு நூலை இரண்டு வருடம் இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேறு எங்கே சிக்கனம் பிடித்தாலும் இங்கே வேண்டாம். பையில் எப்போதும் ஒரு மாற்று நூல் இருக்கட்டும்.

*தடிப்பு பொருந்துகிறதா?* 11 முதல் 13 மில்லிமீற்றர் கயிற்றுக்கு 8 முதல் 10 மில்லிமீற்றர் நூல். இரண்டும் ஒரே தடிப்பென்றால் புருசிக் பிடிக்காது. ஏறு கயிறே தேய்ந்து மெலிந்திருக்கவும் கூடும். பாவிக்காத வால் நுனியையும் நடுப்பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தால் கயிற்றின் காலம் முடிந்தது.

பிடிமுடிச்சு இறுகி நகர மறுக்கிறது

சுற்று அதிகம், நூல் மெல்லியது, அல்லது மரப்பிசின். இந்த வரிசையில் பாருங்கள். ஒரு சுற்றைக் குறைத்ததும் தரையில் தொங்கிப் பார்க்காமல் ஏறாதீர்கள். பைன் மரம் ஏறிய மறுநாள் இது வந்தால் பிசினே காரணம். பிசின் போக்க மண்ணெண்ணெய், தின்னர், பெற்றோல் எதையும் தொட வேண்டாம். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் எடுக்கும் அளவுக்கு எடுக்கட்டும். மிஞ்சுவது கையில் ஒட்டினாலும் பரவாயில்லை, முடிச்சு ஓடும் பகுதியில் மட்டும் கட்டியாக இருக்கக் கூடாது.

மேலே இருக்கும்போதே இறுகிப்போனால் முடிச்சைக் கத்தியால் தொடாதீர்கள். இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு எடையை அதற்கு மாற்றுங்கள். பிறகு முடிச்சைத் தளர்த்துங்கள்.

கயிற்றில் மெத்தென்ற இடம், தடித்த இடம், அல்லது நூல் பிரிந்த இடம்

படங்கு ஒன்றை விரித்து, கயிற்றின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை வெறுங்கையால் உருவி வாருங்கள். ஒரு சாணுக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றை வளையமாக மடித்துப் பாருங்கள். நல்ல கயிறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உருண்டு வளையும். ஓரிடத்தில் மட்டும் குழாய் நசுங்கியதுபோல் கூராக மடிந்தால் உள்ளிழை அங்கே போய்விட்டது.

மேலே பஞ்சுபோல் மெல்லிய இழை எழும்பி, கயிறு முழுக்க ஒரே அளவாக இருந்தால் அது சாதாரணத் தேய்வு. உண்மையில் அந்தப் பஞ்சு அடியிலுள்ள இழைக்குக் கொஞ்சம் பாதுகாப்பும் தருகிறது. தொடர்ந்து பாவிக்கலாம்.

ஒரே இடத்தில் மட்டும் பஞ்சு என்றால் கிளைக்கவட்டையில் உரசிய இடம் அது. கயிற்றை நேரே மரத்தில் போட்டு ஓடவிடுவதுதான் காரணம். வளையம் வைத்த பட்டி ஒன்றைக் கவட்டையில் மாட்டி அதற்குள்ளால் கயிற்றை விட்டால் கயிறும் தப்பும், மரப்பட்டையும் தப்பும். இழை இன்னும் அறவில்லையென்றால் கயிற்றைத் தலைகீழாக மாற்றிப் பாவியுங்கள்.

முழுப் புரியே அறுந்திருந்தால், மேலுறைக்குள்ளால் உள்ளிழை தெரிந்தால், அல்லது வாள் பட்ட வெட்டு ஒன்று இருந்தால் அந்த இடத்தோடு கயிறு முடிந்தது. மேலுறைதான் கிழிந்தது, உள்ளே பலம் இருக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மரம் ஏற அதிகம் விற்கும் 16 புரிக் கயிற்றில் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவதே மேலுறைதான், உள்ளே இருப்பது வடிவத்துக்காக வைத்த நிரப்பு. வெட்டு நுனிக்கு அருகில் என்றால் கெட்ட துண்டை அறுத்தெறிந்துவிட்டு மீதியைப் பாவிக்கலாம். புதிய நீளத்தை நுனியில் எழுதி வையுங்கள். நீளம் குறைந்ததை மறந்து உயர்ந்த மரத்தில் ஏறி, பாதியில் கயிறு தீர்ந்து நிற்பதும் விபத்துத்தான். கீழ் நுனியில் முடிச்சு இல்லாவிட்டால் கயிறு பிடியைவிட்டே ஓடிவிடும்.

மேலுறை நுனியில் வெறும் சட்டைபோல் தொங்குகிறது

புதுக் கயிற்றில், குறிப்பாக ஒரே திசையில் இறங்கிக்கொண்டே இருந்தால், மேலுறை மெல்ல நழுவி நுனியில் சேரும். உறையைக் கையால் நுனிப்பக்கம் தள்ளிச் சேர்த்து, வெறுமையான பகுதியை வெட்டி, வெட்டுமுனையைச் சூட்டில் உருக்கி ஒட்டுங்கள். பிறகு கயிற்றை இரு பக்கமும் மாறிமாறிப் பாவியுங்கள். கண்ணி தைத்த நுனியில் இது நடந்தால் தையலைத் தொடாதீர்கள். அதை வாங்கிய இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கயிறு விறைத்துவிட்டது, கறை, பூஞ்சண வாடை

முதலில் அழுக்கா என்று பாருங்கள். தேயிலை மலையின் செம்மண் புரிகளுக்குள் போனால் கயிறு விறைக்கும், உள்ளேயிருந்து இழையை அரைக்கும். 30 பாகைக்கு மேற்படாத நீரில் மென்மையான சவர்க்காரம் போட்டு ஊறவையுங்கள். மென்மையான தூரிகையால் தேய்த்து, நுரை போகும்வரை அலசுங்கள். உடுப்புத் தோய்க்கும் பவுடரும் வெண்மையாக்கும் திரவமும் வேண்டாம். காற்றோட்டமான நிழலில் தளர்வாகத் தொங்கவிட்டால், நுவரெலியா குளிரில் முழுதாகக் காய இரண்டு மூன்று நாள்கூட எடுக்கும்.

காய வைக்கும் இடத்தில்தான் இங்கே பல கயிறுகள் சாகின்றன. காம்பரா அடுப்புக்கு மேலே பரணில் போடுவது, ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்புப் பக்கம் தொங்கவிடுவது, தகரக் கூரையில் வெயிலுக்கு விரிப்பது எல்லாம் வழக்கம். மூன்றும் தவறு. சூடு இழையை உள்ளேயே பலவீனமாக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

பூஞ்சணம் செயற்கை இழையைத் தின்னாது. கழுவிக் காயவைத்தால் போதும். ஆனால் பூஞ்சணம் பிடிக்கும் அளவு ஈரம் இருந்த பையில் உலோகச் சாமானும் துருப்பிடித்திருக்கும், அதைத் தனியே பாருங்கள்.

கழுவியும் விறைப்புப் போகவில்லையென்றால் சூடு பட்டிருக்கலாம், இல்லாவிட்டால் கயிறு கிழடாகிவிட்டது. துணிச் சாமான்களுக்குப் பல உற்பத்தியாளர்கள் வைக்கும் உச்ச வரம்பு 10 ஆண்டு. அது பெட்டியிலேயே இருந்ததற்கும் சேர்த்து. தினமும் ஏறுபவரின் கயிறு அதில் பாதியைக்கூடத் தாண்டாது.

கறைதான் ஏமாற்றும். செயின்சோ ஒயில் கறை பார்வைக்கு மோசம், கழுவினால் பெரும்பாலும் தீங்கில்லை. பற்றரி அமிலம் நேர் எதிர், கறையே தெரியாமல் நைலோனைக் கொல்லும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. ரப்பர் பால் உறையவைக்கும் ஃபோமிக் அமிலம் நைலோனைக் கரைத்தே விடும். அந்தக் கேன் வைத்த வாகனத்தில், அல்லது பழைய பற்றரி கிடந்த மூலையில், கயிறோ ஹார்னஸோ (ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டி) கிடந்தது என்று தெரிந்தால் சோதிக்க எதுவும் இல்லை. வெட்டிப் போடுங்கள். காரமான சுண்ணாம்பும் சீமெந்து நீரும் பொலியெஸ்டரை அரிக்கும், அதே முடிவுதான்.

கரபினர் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி) தானாக மூடவில்லை

பத்தில் எட்டு முறை அழுக்குத்தான். இளஞ்சூட்டு நீரில் கீலைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கழுவுங்கள். காய்ந்ததும் கீலில் கிராஃபைட் தூள் கொஞ்சம் போடுங்கள். ஒயில் போட்டால் மரத்தூள் ஒட்டி அடுத்த வாரமே மீண்டும் சிக்கும். பிறகு கைவிரலால் முழுதாகத் திறந்து, மெல்ல விடாமல் சட்டென்று விட்டுப் பாருங்கள். வாயில் (கொக்கியின் திறந்து மூடும் பகுதி) தானே மூடி, அதன் மேலுள்ள பூட்டு உறையும் தானே சுழன்று பூட்ட வேண்டும். இருபது முறையில் ஒருமுறை பிசகினாலும் அது பிசகிய கரபினர்தான்.

மரம் ஏறுபவர் தொங்கும் இடத்தில் திருகாணிப் பூட்டு வேண்டாம். கிளையில் உரசி அது தானே கழன்றுவிடும். தூக்கு, திருப்பு, திற என்று மூன்று அசைவு கேட்கும், தானே பூட்டும் ரகத்தை வையுங்கள்.

கழுவியும் சரிவரவில்லையென்றால் உடம்பைப் பாருங்கள். கயிறு ஓடும் வளைவில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுகிறதா, ஆழம் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டியதா? தாண்டினால் கழிக்க வேண்டியதுதான். அந்தக் கூர் விளிம்பு புதுக் கயிற்றையும் வெட்டும். வெடிப்பு, வளைவு, ஆழமான துருக்குழி, வாயில் பக்கவாட்டில் ஆடுவது இவையும் அதே தீர்ப்பு. அரம் போட்டுச் சீவுவதோ, வெல்டிங் கடைக்குக் கொண்டுபோவதோ கூடாது. உயரத்திலிருந்து பாறையில் விழுந்த கரபினரைச் சந்தேகத்தோடு பாவிப்பதைவிட விலை கொடுத்து மாற்றுவது நல்லது.

ஹார்னஸ் தளர்கிறது, அல்லது ஒரு பக்கம் சாய்கிறது

இடுப்புப் பட்டியைப் பக்கிளில் முழுதாக இறுக்கி, வெளியே நீளும் வாலில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். பேனைக் கோடு அந்த வால் நுனியில் மட்டும், பாரம் தாங்கும் பகுதியில் மை படக் கூடாது. தாழ்வில் பத்து நிமிடம் தொங்குங்கள். கோடு நகர்ந்திருந்தால் பட்டியைத் தவறாகப் பக்கிளில் கோர்த்திருப்பீர்கள், அல்லது பக்கிளில் மண் இருக்கும், அல்லது பட்டி மெலிந்திருக்கும். முதல் இரண்டும் இலவசம்.

தையலில் பார்க்க வேண்டியது நிறம். பல ஹார்னஸ்களில் தையல் நூல் பட்டியின் நிறத்திலிருந்து வேறுபட்டிருக்கும், அறுந்தால் கண்ணில் படட்டும் என்றுதான். ஒரு தையல் கட்டில் நூல் அறுந்திருந்தாலும் தையற்காரரிடம் கொடுக்காதீர்கள். அது ஹார்னஸின் முடிவு. பட்டியின் ஓரத்தில் வெட்டு, வெயிலில் வெளுத்து விறைத்த பட்டி, எலி கடித்த இடம் எல்லாம் அப்படியே. வியர்வை உப்புக்காக எலி பட்டியைக் கடிக்கும், ஆகவே சாக்கில் போடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். காற்றுப்போக சில துளை போடுங்கள்.

முன்னால் வளையம் ஓடும் பிரிட்ஜ் கயிறு பெரும்பாலான ரகங்களில் தனியே கழற்றி மாற்றக்கூடியது. ஹார்னஸ் முழுதும் நன்றாக இருக்கும்போதே அது தேய்ந்துபோகும். நடுவில் வளையம் உரசும் இடத்தில் பஞ்சோ பளபளப்போ வந்தால் அதே உற்பத்தியாளரின் மாற்றுப் பிரிட்ஜை மட்டும் போடுங்கள். வேறு கயிறு கட்டிச் சமாளிக்க வேண்டாம்.

கம்பி உள்ளே வைத்த இடுப்புக் கயிறு கையில் குத்துகிறது

கம்பியின் ஓர் இழை அறுந்து வெளியே வருகிறது. கையுறை போட்டுக்கொண்டு தொடர்வது தீர்வில்லை, மாற்றுங்கள். கம்பி இருப்பதால் செயின்சோ வெட்டாது என்று நம்பவும் வேண்டாம், அது கைவாளுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். மரத்தில் செயின்சோவை இயக்கும்போது ஏறு கயிறு, இடுப்புக் கயிறு என்று இரண்டு தனித்தனிப் பிடிப்புகள் இருக்க வேண்டும்.

தலைக்கவசம்

வெடிப்பு, உள்பட்டி கழன்றது, பலமான அடி பட்டது என்றால் மாற்றுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கரைப்பான் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும், ஸ்டிக்கர் வெடிப்பை மறைக்கும்.

தானே பார்ப்பதை நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

விழுந்து கயிறு பிடித்த சம்பவம் ஒன்று நடந்திருந்தால், அந்தக் கயிறு, ஹார்னஸ், கரபினர் மூன்றையும் ஒதுக்குங்கள். பயிற்சி பெற்ற பரிசோதகர் எழுத்தில் விடுவிக்கும்வரை யாரும் தொடக் கூடாது. பரிசோதகர் கிடைக்காத இடத்தில் கழிப்பதே பாதுகாப்பு. யாருடையது, எப்போது வாங்கியது என்று தெரியாத பழைய கயிறு கையில் வந்தாலும் அப்படியே. ஒன்றும் நடக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களைத் தவிர இன்னொருவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் இது சட்டம். கொந்தரப்பு வேலைக்கு வெளியாள் எடுக்கும் தோட்டங்களும் இந்தப் பதிவைக் கேட்டுப் பழகினால் நல்லது.

கிளையோ கயிறோ மின்கம்பியிலிருந்து 3 மீற்றருக்குள் வருமென்றால் எந்தச் சாமானும் காப்பாற்றாது. தோட்டத்துக்குள்ளால் போகும் 33 கிலோவோல்ட் கம்பியும் இருக்கிறது, ஈரக் கயிறு மின்னைக் கடத்தும். மின்சாரத் தடங்கல்களுக்கான 1987 இலக்கத்துக்கு அறிவித்து, கம்பியில் மின் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்தபின்தான் ஏறலாம்.

குளவிக் கூட்டையும் கீழிருந்தே தேடுங்கள். கயிற்றில் தொங்குபவருக்கு ஓட இடமில்லை. கூடு தெரிந்தால் அன்று அந்த மரம் வேண்டாம்.

மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் 1990 சுவசெரியவுக்கு உடனே சொல்லுங்கள். ஆனால் மலைப்பாதையில் அம்புலன்ஸ் வந்துசேர நேரம் எடுக்கும், வந்தாலும் அவர்கள் மரம் ஏற மாட்டார்கள். அசையாமல் ஹார்னஸில் தொங்கும் உடம்புக்குச் சில நிமிடங்களிலேயே ஆபத்து வரலாம். ஆகவே இரண்டாவது ஏறும் ஆள், அவருக்கான முழுச் சாமான், மரத்தில் ஏற்கனவே போட்டுவைத்த இரண்டாவது கயிறு மூன்றும் வேலை தொடங்கும் முன்பே கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறுவதில்லை.

கழித்த சாமான்

முழுக் கயிறாகத் தூக்கிப் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய் மீண்டும் ஏறுவார்கள். ஒரு மீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். ஹார்னஸின் பட்டிகளை நடுவில் அறுங்கள், கரபினரின் வாயிலை வாளால் அறுத்தெடுங்கள். பதிவுப் புத்தகத்தில் அந்தச் சாமானின் எண்ணுக்கு எதிரே தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள்.